நடேசன் வீட்டின் கனம்

வீட்டை ஜாக்கி வைத்து நாலடி தூக்கிய அதே வருஷம், சித்திரை ஏழாம் தேதி காலையில், அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் நடேசனின் வீடு தரையை விட்டு ஒரு கட்டைவிரல் உயரம் கிளம்பியிருந்தது. அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். விஷயம் முதலில் தெரிந்தது கரையான்களுக்குத்தான். பின்பக்கச் சுவரில் அவை ஏற்றிக்கொண்டுபோன மண்கோடு நடுவில் அறுந்து, மேலே போனவை மேலேயும் கீழே நின்றவை கீழேயுமாகத் தவித்துக்கொண்டிருந்தன. சித்திரை முதல் வாரத்தில் அடிச்சுவரைச் சுற்றி வந்து கரையான் பார்ப்பது நடேசனின் வழக்கம். குனிந்தவர் கையிலிருந்த ரம்ப பிளேடைச் சுவருக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். அது தடையில்லாமல் உள்ளே போனது. உடனே ஹாஜா மொய்தீனுக்குப் போன் போட்டார். ஹாஜா மொய்தீன் பூந்தமல்லிக்காரர். குழாய் வேலை, டேங்க் கழுவுவது, மாடி ஒழுகலை அடைப்பது என்று பதினெட்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். அவர் ஒரு சுருள் கட்டுக்கம்பியை நிமிர்த்தி ஹால் பக்கமாக விட்டார். அது சமையலறைப் பக்கமாக வெளியே வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். பிறகு ஹாஜா கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டீ சாப்பிடலாமா சார் என்று கேட்டார்.

நடேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கிய மனுஷன் சொந்த வீட்டைச் சும்மா விட்டுவிடுவாரா? வீட்டுக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். மாசியில் தரையோரம் துளை போட்டுக் கரையான் மருந்து, பங்குனியில் சம்ப்பும் மாடித் தொட்டியும் கழுவுவது, சித்திரையில் மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்கைச் சுரண்டி அடைத்து வெயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஆடிக் காற்றுக்கு முன்னால் முருங்கையைக் கழிப்பது, புரட்டாசியில் மழைநீர்க் குழாயின் வாயிலிருந்து இலையையும் அணில் கூட்டையும் எடுப்பது என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். ஊரே ஐப்பசியில் முதல் மழை ஒழுகிய பிறகு பக்கெட் தேடும். நடேசன் நோட்டில் டிக் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து மழையை வேடிக்கை பார்ப்பார். மனைவி சாவித்திரிக்குக் காய்ச்சல் என்றால்கூட முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்ப்பார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அந்த நோட்டில் அவர் செய்த வேலை எல்லாம் இருந்தது. சாவித்திரி செய்தது ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

எல்லாவற்றுக்கும் மாதம் ஒதுக்கியவரிடம் ரோட்டுக்கு ஒதுக்க மாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். தெரு ஏற ஏற வீடு பள்ளத்துக்குப் போனது. கட்டிய புதிதில் நாலு படி ஏறிப் போன வீட்டுக்குள் இருபத்தைந்து வருஷம் கழித்து இரண்டு படி இறங்கிப் போகவேண்டியிருந்தது. கடைசியாக வந்த கார்த்திகை வெள்ளத்தில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து கட்டிலுக்கு மேல் நின்றது. பரணில் இருந்ததால் நோட்டு பிழைத்தது. அடுத்த மாசியில் நடேசன் வீட்டைத் தூக்க ஆள் பிடித்தார். வடக்கத்தி இளைஞர்கள் இருபது பேர் வந்து, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைச் சுற்றிலும் அறுத்து, நூற்று எழுபது ஜாக்கி வைத்து, ஒரு விசிலுக்கு ஒரு திருகு என்று மூன்று வாரத்தில் நாலடி ஏற்றிவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் சாவித்திரி திருமுல்லைவாயிலில் தங்கை வீட்டில் இருந்தாள். வாசல் பக்கம் அறுப்பதற்கு முன்னால் மேஸ்திரி, வாசற்கால் அடியில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா, இருந்தால் எடுத்துத் திரும்ப மேலே வைத்துத் தருகிறோம் என்று கேட்டார். நடேசன் நோட்டைப் புரட்டினார். 'வாசற்கால்: தேக்கு. ரசமட்டம் சரி. கரையான் எண்ணெய் இரண்டு கை' என்று இருந்தது. ஒன்றுமில்லை, அறுங்கள் என்று சொல்லிவிட்டார். பழைய வாசற்காலின் அடி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது; மேலே புதிது வைத்தார்கள்.

டீக்கடையில் ஹாஜா சொன்ன காரணத்தை நடேசன் வெகுநாள் மறக்கவில்லை. "சார், தெருவுல கீற ஊடுங்கல பாருங்க. செவுரு தண்ணி குடிச்சிகினு, கனத்துப் போயி, செவனேன்னு குந்திகினு கீது. அந்த ஒரு வெள்ளத்த தவுத்து உங்க ஊட்ல இருவத்தஞ்சு வருசமா ஒரு சொட்டு உள்ள உட்டீங்களா? கருவாடு மாரி காஞ்சி கீது. அதுக்கு மேல அடியையும் அறுத்து உட்டீங்க. அது இன்னா சார் பண்ணும்?" நடேசனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாடித் தொட்டி நிறைந்தால் வீடு இறங்கியது. குளித்துத் துவைத்துத் தொட்டி காலியானால் ஏறியது. அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. ஐப்பசியில் நாலு நாள் மழை அடித்ததும் வீடு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்துகொண்டது. சாவித்திரி அடுப்பிலிருந்த ரசத்தைப் பிடித்துக்கொண்டாள். சரி, ஆயிற்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

ஆகவில்லை. அவர்களுக்கு ஒரே பெண், அகல்யா. போரூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் விஷ்ணுவைக் கட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் மாமியார் வீட்டில் இருந்தாள். மறுவருஷம் மாசியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அவளை அயனம்பாக்கம் அழைத்து வந்தார்கள். டாக்டர் சொன்ன தேதி வைகாசி இருபத்து நாலு. நடேசன் நோட்டை எடுத்து வைகாசிப் பக்கத்தைப் பார்த்தார். வருஷத்திலேயே வீடு கனமில்லாமல் கிடக்கும் மாதம் அது. ஏரி விரிசல் விட்டுக் கிடக்கும், போர் இழுக்காது, லாரித் தண்ணீர் சொன்ன நாளில் வராது. பெண்ணை அங்கேயே விட்டு வைத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். சாவித்திரியிடம் கேட்டிருக்கவேண்டும். முதல் பிள்ளைக்குத் தாய் வீட்டு வாசல்படி இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதில் அவளுக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. நடேசனுக்கோ, வீடு தரையில் நிற்கவில்லை என்று சம்பந்தியிடம் சொல்வதைவிட வீட்டோடு போய்விடுவதே மேல்.

அந்தப் பங்குனியிலிருந்து அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆயுள் முழுக்க ஈரத்தை வெளியே நிறுத்தியவர் இப்போது ஈரத்தை உள்ளே கூப்பிட்டார். மாடித் தட்டோட்டு இடுக்குகளைத் தன் கையாலேயே உளியால் கிளறிவிட்டு, அதில் சாயங்காலம் குடம் குடமாக ஊற்றினார். உளி இறங்கும்போதெல்லாம் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று ஹாஜாவிடம் சொன்னார். வெள்ளத்தைத் தடுக்க வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகள் முப்பதையும் மாடிக்கு ஏற்றினார்கள். பக்கத்து அடுக்குமாடியில் வேண்டாமென்று போட்டிருந்த ஆட்டுக்கல், அம்மிக்கல், உடைந்த வாஷ்பேசின் வரை கொண்டுவந்து பெட்ரூம் மூலையில் வைத்தார். வைத்த அன்று வீடு இறங்கும். மூன்றாம் நாள் அந்தக் கனத்துக்குப் பழகிக்கொண்டு மறுபடி ஏறும். சித்திரை நடுவில் இடுப்பளவு போனதும் ஹாஜா வளையக்கூடிய பச்சைக் குழாயைச் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் மாற்றிக் கொடுத்தார். கரண்ட் ஒயருக்குச் சுருள் விட்டு வைத்தார். இதையெல்லாம் அவர் சாதாரண ரிப்பேர் போலவே செய்ததுதான் நடேசனுக்கு ஆறுதல். சம்பந்தியம்மா வனஜா ஒருநாள் பலகாரத்தோடு வருவதாகச் சொன்னபோது, முந்தின நாளே இரண்டு லாரித் தண்ணீர் வாங்கி, அண்டா, குண்டா, வாஷிங் மிஷின், சாமிக்குடம் எல்லாவற்றிலும் நிரப்பி, வீட்டை ஒரு சாணுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஒரு சாண் இடைவெளி எதற்கு என்று வனஜா கேட்டாள். கரையான் ஏறாமல் இருப்பதற்கு, புது முறை என்றார் நடேசன். அவள் நல்ல யோசனை என்று பாராட்டினாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் நடேசன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அகல்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அங்கே பிடித்துத்தான் இருந்தது. கொசு வருவதில்லை, ஏரிக் காற்று நேராக வருகிறது.

வைகாசி பன்னிரண்டு. நாலு நாளாக லாரி வரவில்லை. காலை பத்து மணிக்கு நடேசன் ஏணியில் இறங்கித் தெருமுனைக்குப் போய், லாரிக்காரருக்கு ஏழாவது தடவையாகப் போன் போட்டு, அவர் எடுக்காமல் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் ஏணி தரையில் கிடந்தது. வீடு கரண்ட் கம்பத்தின் உச்சிக்குப் போயிருந்தது. பச்சைக் குழாய் நீண்டு விறைத்து நின்றது. வாசலில் சாவித்திரி நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அகல்யாவுக்கு வலி கண்டுவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அவள் சொன்னது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தெரு கூடிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது. ஆனால் ஏரிக்கரைத் தெருவின் திருப்பத்தில் ஆட்டோவே இரண்டு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பும், அந்த வண்டி எப்படித் திரும்பும்? அவர்கள் கொண்டுவந்த கைஏணி பாதி உயரத்துக்குத்தான் எட்டியது. ஹாஜா தன் லோடு ஆட்டோவில் மெத்தை போட்டுத் தயாராக நிறுத்தியிருந்தார். மேலே அகல்யா ஒரு தடவை கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு வீடு இன்னும் ஒரு முழம் ஏறியது.

நடேசன் நோட்டைப் பிரித்தார். பழக்கம், வேறென்ன. சித்திரை, வைகாசி, ஆனி என்று பக்கங்கள் ஓடின. எதிலும் இதற்கு மருந்து இல்லை. நோட்டைக் கீழே போட்டார். தன் பெண்ணைத் தானே ஆகாயத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம், அவளும் அந்தப் பிள்ளையும் தன் வீண் ஜம்பத்தால் போகப் போகிறார்கள் என்று நினைத்தார். புழுதியில் மண்டியிட்டு மேலே பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

"சாவித்திரி, எனக்கு ஒண்ணும் புரியலை. என்ன பண்ணட்டும், நீ சொல்லு."

சாவித்திரி உடனே சொன்னாள். எத்தனையோ நாளாகத் தயாராக வைத்திருந்ததுபோலச் சொன்னாள். "பழைய வாசக்கால் இருந்த இடத்துல தோண்டுங்க. அகல்யாவோட தொப்புள்கொடி அங்கதான் இருக்கு."

வாசற்கால் வைத்த அன்று அகல்யாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குழியில் மஞ்சள் துணி முடிச்சு வைக்கவேண்டும், அதில் ஒன்பது கல்லோடு ஒரு பொட்டுத் தங்கமும் வேண்டும் என்று வந்திருந்த பெண்கள் சொன்னார்கள். தங்கம் இல்லை. இடுப்பிலிருந்த பெண்ணைப் பார்த்தாள் சாவித்திரி. உள்ளே போய், காய்ந்து எடுத்து வைத்திருந்த கொடியைக் கொண்டுவந்து கண்ணாடிக் கல் ஒன்பதோடு சேர்த்து முடிந்து, குழியில் வைத்துப் பாலூற்றினாள். நடேசன் அந்த இடத்தில்தான், ஒரு கை தூரத்தில்தான் நின்றார். அவர் கண் முழுக்க ரசமட்டத்துக் குமிழியின் மேல் இருந்தது. வீட்டைத் தூக்கி முடித்தபின் தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றே சாவித்திரி முடிச்சைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். அவர் ஜாக்கிகளின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவளும் வீம்பாக விட்டுவிட்டாள். இதை இப்போது சொல்லும்போது அவள் அழுதாள்.

நடேசனும் ஹாஜாவும் வீட்டின் நிழலில் நின்று தோண்டினார்கள். வீட்டைத் தூக்கியபோது அடியில் நாலடிக்கு நிரப்பிய கட்டட இடிபாடு; கடப்பாரைக்கு ஒரு தடவைக்கு ஒரு கல்தான் அசைந்தது. தெருவிலிருந்தவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டுக் கூடை தூக்கினார்கள். நடேசனின் உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு தோண்டினார். மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் சாமி பெயரைச் சொன்னார். எந்தச் சாமி என்று அவருக்கே தெரியாது. பன்னிரண்டேகால் மணிக்குப் பழைய வாசற்காலின் மொட்டை தட்டுப்பட்டது. அதன் பக்கத்தில், ஈரமே இல்லாத குழியில், மண்ணோடு மண்ணாக மஞ்சள் முடிச்சு இருந்தது. எடுத்து, குழிக்குள் நின்றபடியே இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

வீடு இறங்கியது. இட்லி வேகிற நேரம்தான் ஆனது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. நேராக வந்து வாசல் நிலை அவர் கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சாவித்திரியும் பக்கத்து வீட்டு ஆட்களும் அகல்யாவைத் தாங்கி மெத்தையில் இறக்கினார்கள். கையைத் தாழ்த்தினால் என்ன ஆகுமோ என்று பயந்து நடேசன் ஆட்டோ கிளம்பும்வரை கையை இறக்கவேயில்லை. இரண்டு இருபதுக்கு அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாயும் நலம். விஷ்ணு வந்து மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் நடேசன் விரல்களைத் திறந்தார். துணி பொடியாகியிருந்தது, கொடியும் பொடியாகியிருந்தது. கண்ணாடிக் கல் ஒன்பதும் சிமென்ட் தரையில் உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் போயின.

குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோது வீடு ஒரு முழத்தில் இருந்தது; ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறியது. நடேசனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. புது வாசற்காலுக்கு நேர் கீழே குழி தோண்டி, சுற்றிலும் செங்கல் கட்டி, சாவித்திரியிடம் மஞ்சள் துணி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் நோட்டில் எழுதியிருந்தார். ஒன்பதாம் நாள் காலை குழந்தையின் கொடி உலர்ந்து விழுந்தது. அகல்யாவின் முன்னால் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்கென்று அவள் புரிந்துகொண்டாள்.

அவள் கொடியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "இருபத்தேழு வருஷம் இந்த வீட்டை நான் அடியில பிடிச்சிருந்திருக்கேன். என்கிட்ட யாரும் கேக்கலை. பரவாயில்லை. ஆனா இவளுக்கு அந்த வேலை வேண்டாம்ப்பா."

நடேசன் கெஞ்சினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இது ஒன்றுதான், உனக்குத்தானே என்றார். உனக்குக் கொடுக்கும்போது இது எங்கே நிற்குமோ தெரியவில்லையே என்றார். சாவித்திரி வாயைத் திறந்து பெண்ணுக்கு எதிராக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். சாவித்திரி அவர் கையிலிருந்து துணியை வாங்கி, மடித்து, குழந்தைக்குக் கீழே விரித்தாள். அகல்யா கொடியை ஒரு காகிதத்தில் மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் நடேசன் இறங்கிப் போய்ச் செங்கல்லைப் பிரித்துக் குழியை மூடினார். மூடும்போது அவருக்குத் துக்கமாகத்தான் இருந்தது. மூடி முடித்துக் கையைக் கழுவும்போது, பங்குனியிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது.

அந்த ஆனியில் வீடு தென்னை மட்டைக்கு மேலே போய் நின்றது; அதற்கு மேல் போகவில்லை, ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஹாஜா நூலேணி கட்டிக் கொடுத்தார், பால் பாக்கெட்டும் காய்கறியும் ஏற்றக் கயிறு போட்டுக் கப்பி மாட்டினார். கரண்ட் மீட்டரைக் கீழே கம்பத்திலேயே மாற்றிவிட்டார்கள். வனஜா பேத்தியைப் பார்க்க வந்து, நூலேணியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கரையான் நிச்சயம் வராது என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். ஐப்பசியில் மழை பிடித்ததும் வீடு இறங்கி, போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தது. தெருவில் அப்போது முழங்கால் தண்ணீர், வாசல்படி நனையவில்லை. தையில் வெயில் ஏறியதும் சுவர் காய ஆரம்பித்தது. மாசியில் கரையான் மருந்து வேண்டுமா என்று ஹாஜா போனில் கேட்டார். இன்னும் ரெண்டு மாசம்தானே, விடுங்க என்றார் நடேசன்.

பங்குனிக் கடைசியில் அவர் நோட்டை எடுத்துப் பழைய சித்திரைப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'சித்திரை: வீடு மேலே போகும். செய்யவேண்டியது ஒன்றுமில்லை.' எழுதிவிட்டு நோட்டைத் திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது அதற்குக் கீழே சாவித்திரியின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: 'பால் கயிறு நைந்துவிட்டது. மாற்றணும்.' நடேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கயிறு வாங்கக் கிளம்பினார்.